நானூற்றுப் பதினேழாம் இடம்

இன்பாஸ் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார்.
கொள்கலன் ஒன்று, உள்ளே தரையோடு,
பதினெட்டு நாள் கடல்.
திறக்கப்போன பையன் கதவில் காது வைத்தானாம்,
உள்ளே யாரோ நீளமாகக் குறட்டை.
"நுணலும் தன் வாயால் கெடும் என்பாங்களே, மிஸ்,
இது சுங்கத்துக்கே வந்து கெட்டிருக்கு."

ஐஸ்கிரீம் டப்பாவில் வந்து சேர்ந்தது.
மூடியில் பேனாக்கத்தி போட்ட ஆறு துளை,
இன்னும் போகாத வனிலா வாசனை.
வழமையான தேரைதான்:
கண்ணுக்கு மேல் மை தீட்டிய வரம்பு,
காதுக்குப் பின் நஞ்சுப் பை இரண்டு,
கொழும்பில் எந்தத் தெருவிளக்கின் கீழும்
ஈசல் பொறுக்கிக்கொண்டிருப்பது.
இனம் ஒன்று, பெயர் ஒன்று.
எந்தக் கரையில் பிறந்தது என்பது மட்டும்
தோலில் எழுதியிருக்காது.

கல்லுக்குள் தேரைக்குப் படியளப்பவன்
இரும்புக்குள் தேரைக்கு எதை அளந்தான்?
வயிற்றைத் திறந்து பார்த்தேன்:
கரப்பான் கால்கள், மரத்தூள்,
பச்சைப் பிளாஸ்டிக் கயிறு ஒரு விரற்கடை.

ஆம், திறந்தோம்.
விதி நாலாம் பக்கத்தில் இருக்கிறது:
கப்பலில் பிடிபட்டது மண்ணில் விடப்படலாகாது,
சோதனை முடிவு எதுவாயினும்.
ஒரு பெண் தேரை இரட்டைச் சரமாய்
ஆயிரக்கணக்கில் முட்டை இடும்.
தோலில் ஒரு பூஞ்சை கூட வந்தால்
மலைத் தவளைகளுக்கு நாள் எண்ணலாம்.
விதியில் பிழையில்லை. அதை எழுதிய ஐந்து பேரில்
நானும் ஒருத்தி.
தில்ருக்ஷி பல்வலிக் களிம்பை
அடிவயிற்றில் மெல்லத் தடவினாள்.
தொண்டை மட்டும் கடைசிவரை
எதையோ சொல்ல எடுத்து எடுத்து வைத்தது.

ஒப்பிட உள்ளூர்க்காரர் வேண்டும்.
மழை விட்ட இரவுகளில் வாளியோடு அலைந்தோம்:
கிருலப்பனைக் கால்வாய், பெத்தகானச் சதுப்பு,
வெள்ளவத்தையில் என் வீட்டுப் பின்புறக் கான்.
நாற்பத்தொரு தேரை. ஒவ்வொன்றிடமும்
ஒரு விரல்நுனி வாங்கிக்கொண்டு விட்டோம்.
கால்வாய்க் கரையில் பொலிஸ் டார்ச் அடித்தது.
என்ன தேடுகிறீர்கள்?
இங்கே பிறந்தவர்களை, என்றேன்.
சிங்களத்தில் அது பகிடியாக விழவில்லை.
அடையாள அட்டையில், பிறந்த இடம் என்ற வரியில்
பெருவிரலை வைத்தார்,
பிறகு எடுத்தார்.

உயிருக்கு எழுத்து நாலே நாலு.
அறுநூறு எழுத்துப் படித்தோம், எல்லாம் ஒன்றுபோல,
நானூற்றுப் பதினேழாம் இடத்தில் மட்டும்
கப்பல்காரனுக்கு எழுத்து வேறு.
அகப்பட்டான், என்று மேசையைத் தட்டினேன்.
தில்ருக்ஷி தட்டவில்லை.
திரையைக் கீழே உருட்டினாள்.
முப்பத்தாறு, முப்பத்தேழு, நாற்பது:
அதே இடம், அதே எழுத்து.
மூன்றும் என் வீட்டுக் கான்.

முப்பது ஏறி, ஒன்றோ இரண்டோ கரை தொட்டால்
அந்த ஒன்றின் முகம்தான் பிறகு ஊரின் முகம்.
எப்போது தொட்டது?
போன வருடத்துத் தரையோட்டுக் கப்பலிலா,
கறுவாவுக்கு வந்த பாய்மரத்திலா,
கடல் வற்றி நிலம் தெரிந்த காலத்தில்
தானாகவே நடந்து வந்ததா?
மூன்று விரல் போதாது, முந்நூறு வேண்டும்.
இந்த ஆண்டு நிதி முடிந்துவிட்டது.

அறிக்கைப் படிவத்தில் இரண்டே கட்டம்:
சுதேசி. அந்நியம்.
ஒன்றில் சரி போடச் சொல்லி
பணிப்பாளர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.

இரவு மழை. கான் நிரம்பி
குறட்டை தொடங்கியாயிற்று.
எந்தக் குரல் முப்பத்தேழு என்று
யன்னலில் நின்று கொஞ்ச நேரம் பிரித்துப் பார்த்தேன்.
பின்னங்காலில் விரல் குறைந்த ஒன்று
படியேறி வந்து விளக்கடியில் குந்தியது.
ஈசலைப் பார்த்தது.
நாக்கு மட்டும் ஒருமுறை
போய் வந்தது.